குவாண்டம் கம்ப்யூட்டிங்: முதலில் நோட்டும் பேனாவும்

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, திருத்தணி பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கும் இங்கிலீஷும் என்று படிக்கிறவர்கள் பாதிப் பேர். அதனால் தமிழிலேயே பதில் எழுதுகிறேன்.

நகரி, பி.டெக் இரண்டாம் ஆண்டு: அமராவதிக்குக் குவாண்டம் கம்ப்யூட்டர் வருகிறது என்கிறார்களே அக்கா. எனக்கு பிசிக்ஸ் சுத்தமாக வராது. நான் படிக்க முடியுமா?

தாராளமாகப் படிக்கலாம் தம்பி. 2025இல் அமராவதிக்கென்று அறிவித்தது ஐபிஎம்மின் 156 க்யூபிட் சிப். (சாதாரணக் கம்ப்யூட்டருக்கு பிட் எப்படியோ, குவாண்டம் கம்ப்யூட்டருக்கு க்யூபிட் அப்படி.) அதைச் செய்கிறவருக்குத்தான் பிசிக்ஸ் ஆழமாக வேண்டும். அதில் ஓடும் புரோகிராமை எழுத மேட்ரிக்ஸ் பெருக்கல், கலப்பு எண், நிகழ்தகவு மூன்றும் போதும். முதலாண்டுக் கணக்குப் புத்தகத்தைத் திரும்ப எடு.

திருத்தணி: க்யூபிட் ஒரே நேரத்தில் 0, 1 இரண்டாகவும் இருக்குமாம். அதனால் எல்லா விடைகளையும் ஒரே அடியில் பார்த்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சரியா?

இல்லை. எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். 10 லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேட, 1996இல் வந்த குரோவர் என்ற குவாண்டம் தேடல் முறைக்கு ஏறக்குறைய 785 சுற்று வேண்டும். ஒரே அடியில் எல்லாம் தெரியும் என்றால் 785 எதற்கு?

நோட்டில் ஒரு கணக்குப் போடு. க்யூபிட்டை (1, 0) என்று எழுது; முதல் எண் 0-க்கு, இரண்டாவது 1-க்கு. க்யூபிட்டை மாற்றுகிற மேட்ரிக்ஸுக்குத்தான் கேட் என்று பெயர். ஹடமார்டு கேட்டின் மேல் வரிசை 1/√2, 1/√2. கீழ் வரிசை 1/√2, −1/√2. ஒரு முறை பெருக்கினால் (1/√2, 1/√2). ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தினால் அளக்கும்போது 0 அல்லது 1 வருகிற வாய்ப்பு தெரியும்: பாதிப் பாதி, காசு சுண்டியது போல. சரி, அளக்காமல் இன்னொரு முறை பெருக்கு. காசை மறுபடி சுண்டினாலும் பாதிப் பாதிதான் வரும். இங்கே 0-இன் இடத்தில் ½ + ½ = 1, 1-இன் இடத்தில் ½ − ½ = 0. க்யூபிட் உறுதியாக 0-க்கே திரும்பிவிட்டது!

அந்த மைனஸ் குறிதான் உயிர். தவறான விடைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, சரியான விடை ஓங்கி நிற்கும்படி கேட்டுகளை அடுக்குவதுதான் குவாண்டம் அல்காரிதம். இதைக் கையால் போட்டுப் பார்க்காமல் அடுத்த பாடத்துக்குப் போகாதே.

புத்தூர், பி.சி.ஏ.: வீட்டில் விசைத்தறிதான் வருமானம். கையில் 8 ஜிபி லேப்டாப் மட்டும் இருக்கிறது. போதுமா அக்கா?

ஆரம்பத்துக்கு ஏராளம்மா. குவாண்டம் புரோகிராம் எழுத உதவும் கிஸ்கிட் மென்பொருள் இலவசம், பைத்தான் தெரிந்தால் போதும். க்யூபிட்டுகளை லேப்டாப்பிலேயே நடத்திப் பார்க்கும்போது ஒரு கணக்கை மட்டும் மனதில் வை: n க்யூபிட்டுக்கு 2-இன் n அடுக்கு எண்கள், எண்ணுக்கு 16 பைட். 20 க்யூபிட்டுக்கு 16 எம்பி, 25-க்கு 512 எம்பி, 30-க்கு 16 ஜிபி. உன் லேப்டாப் 28-லேயே மூச்சு வாங்கும். சாதாரணக் கம்ப்யூட்டரில் குவாண்டம் உலகை அப்படியே நடத்திக் காட்ட முடியாது என்று 1981இல் இயற்பியலாளர் ஃபைன்மன் சொன்னது இந்த இரட்டிப்பை வைத்துத்தான். உன் மெஷினிலேயே அதை நேரில் பார்க்கலாம்.

பள்ளிப்பட்டு: என்டாங்கிள்மென்ட் என்பதைத் தமிழில் எப்படிப் புரிந்துகொள்வது?

நான் பின்னல் என்கிறேன். உதாரணமாக, ஒரு வகையில் பின்னிய இரண்டு க்யூபிட்டை அளந்தால் 00 அல்லது 11 வரும், 01-ஓ 10-ஓ வரவே வராது. ஆனால் ஒன்றை மட்டும் தனியே பார்த்தால் வெறும் பாதிப் பாதி. அதனால் இதை வைத்து ஒளியை முந்திச் செய்தி அனுப்ப முடியாது.

சித்தூர், இறுதியாண்டு: இதில் வேலை கிடைக்குமா?

குவாண்டம் ஒன்றை மட்டுமே நம்பி டேட்டா ஸ்ட்ரக்சரையும் நெட்வொர்க்கையும் விட்டுவிடாதே. இணையத்தில் தகவலைப் பூட்டி வைக்கும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையைக் குவாண்டம் கம்ப்யூட்டரால் உடைக்கும் வழியைக் கணிதவியலாளர் ஷோர் 1994இல் காட்டினார். உடைக்கிற அளவு பெரிய இயந்திரம் இன்னும் இல்லை. ஆனாலும் குவாண்டம் கம்ப்யூட்டரையும் தாங்கும்படி வடிவமைத்த புதிய பூட்டுகளுக்கான முதல் தரநிலைகளை அமெரிக்க நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்டுவிட்டது. பழைய சாஃப்ட்வேரில் பூட்டு மாற்றுகிற வேலைக்கு குவாண்டம் கம்ப்யூட்டரே தேவையில்லை. இறுதியாண்டு புராஜெக்டுக்கு அதை எடுத்துக்கொள்.