நடுவானில் ஹைட்ராலிக் பழுதானால்: கேள்வி பதில்

விமானப் பராமரிப்புக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் குடியிருக்கிறேன். ஹைட்ராலிக் என்றால் எண்ணெயின் அழுத்தத்தால் கனமான பாகங்களை அசைக்கும் அமைப்பு. அது பற்றிக் கடலூர், புதுச்சேரி அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கரும்பு டிப்பரில் ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் தொட்டி தூக்காது, வேலை நின்றுவிடும். விமானமும் அப்படித்தானா? (டிராக்டர் ஓட்டுநர், நெல்லிக்குப்பம்)

இல்லை தம்பி. உங்கள் டிப்பருக்கு ஒரே பம்ப். ஏர்பஸ் 320 விமானத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என்ற பெயர்களில் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி, தனிக் குழாய். ஒன்றின் எண்ணெய் இன்னொன்றுக்குள் போகாது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம்தான். மயிரிழை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதனால் கசிவு தேடும்போது கையால் தடவ மாட்டோம், அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்போம். அந்த ஊதா நிற எண்ணெய் ஒரு சொட்டு ஒருமுறை என் கண்ணில் தெறித்தது. பச்சை மிளகாயைத் தேய்த்ததுபோல் எரிந்தது, அன்று முழுவதும் கண்ணைத் திறக்க முடியவில்லை.

2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் பழுதாகி இரண்டரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. உடனே இறக்கியிருக்கலாமே? என் மகனும் அங்கேதான் வேலை செய்கிறான். (ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்)

உங்கள் பதைப்பு புரிகிறது அம்மா. ஆனால் அந்தச் சுற்றல்தான் சரியான வைத்தியம். ஹைட்ராலிக் போனாலும் இன்ஜின்கள் ஓடுகின்றன, விமானம் பறக்கிறது. வளைகுடா வரை போவதற்கான எரிபொருள் வயிறு நிறைய இருந்தது. போயிங் 737 வகையில் அதை வானிலேயே வெளியேற்றும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். கனத்தோடு இறங்கினால் வேகம் கூடும். ஹைட்ராலிக் குறைந்த நிலையில் மெதுவாக இறங்க உதவும் இறக்கையின் மடல்கள் (ஃபிளாப்) முழுதாக விரியாமல் போகலாம், பிரேக்கின் பலமும் குறையலாம். வேகம் கூடி, பிரேக் குறைந்தால் ஓடுபாதை போதாது.

அந்த நேரத்தில் விமானியறையில் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் விமானத்தை ஓட்டுவார். மற்றவர் கையேட்டை வரிவரியாக உரக்கப் படித்து, எது வேலை செய்யும், எது செய்யாது, எத்தனை மீட்டர் ஓடுபாதை வேண்டும் என்று கணக்கிடுவார். அவசரத்தில் தவறான பம்பை அணைத்துவிட்டால் நல்ல அமைப்பும் போய்விடும். அதனால் சுவிட்சைத் தொடும் முன் இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அன்று பயணிகள் 141 பேரும் பத்திரமாக இறங்கினார்கள். அந்தப் பொறுமையைத்தான் நான் கும்பிடுகிறேன்.

சக்கரம் இறங்காவிட்டால்?

320-ல் இரு விமானிகளுக்கு நடுவே ஒரு கைப்பிடி உண்டு. மூன்று சுற்றுச் சுற்றினால் பூட்டு விடுபட்டு, சக்கரங்கள் தம் எடையிலேயே விழுந்து நிலைகொள்ளும். அப்படி இறக்கியதை அந்தப் பயணத்தில் மறுபடி மடக்க முடியாது. அதனால் எங்கே இறங்குவது என்று முடிவான பிறகே அதில் கை வைப்பார்கள்.

மூன்று அமைப்பும் ஒரேயடியாகப் போனதுண்டா? (கல்லூரி மாணவி, வில்லியனூர்)

உண்டு. 1989 ஜூலை 19, அமெரிக்காவின் சூ சிட்டி. மூன்று இன்ஜின் கொண்ட டிசி-10 விமானத்தின் வால்பக்க இன்ஜின் சிதறி மூன்று அமைப்புகளின் குழாய்களையும் அறுத்துவிட்டது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் குழுவினர், இறக்கை இன்ஜின்கள் இரண்டின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து நாற்பது நிமிடங்களுக்கு மேல் விமானத்தைத் திருப்பி ஓட்டினார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பிறகு, குழாய் அறுந்தால் மிச்ச எண்ணெயைக் காக்கத் தானே மூடிக்கொள்ளும் வால்வு அவ்வகை விமானங்களில் பொருத்தப்பட்டது.

நம் லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு வரும் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானத்தில் இது நடந்தால்?

ஏடிஆரில் விமானியின் கைவிசை கம்பி வழியாகவே இறக்கைக்கும் வாலுக்கும் போகிறது, எனவே ஓட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை. மடல், சக்கரம், பிரேக் ஆகியவற்றுக்குத்தான் ஹைட்ராலிக். நம் ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கும் மேல். மடல் விரியாவிட்டால் விமானி சென்னைக்குத் திருப்புவதே முறை. வீடு கண்ணுக்குத் தெரிகிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இறங்கிய பின் முன்சக்கரம் திரும்பாததால் ஓடுபாதையிலேயே நிற்கும், சுற்றிலும் தீயணைப்பு வண்டிகள் வரும். பிரேக் சூடாகியிருக்கும், அதற்காகத்தான். இழுவை வண்டி வரும்வரை பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருங்கள்.