பழைய டிராக்டர் வாங்கப் போனால் இருக்கைக்குப் பின்னால் பாருங்கள்

கேள்வி: ஆறு ஏக்கர் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கிறேன். மாடுகள் ஒதுக்கிவிட்ட முற்றல் புல்லும் களையும் இடுப்பு உயரத்துக்கு நிற்கின்றன. 35 குதிரைசக்தியில் ஒரு பழைய டிராக்டர், கூடவே அதன் பின்னால் மாட்டிச் சுழலும் கத்தியால் புல் வெட்டுகிற ஐந்தடி அகல ரோட்டரி மோவர், இரண்டும் சேர்ந்து விலைக்கு வருகின்றன. வண்டிக்கு வயது நாற்பதுக்கு மேல். "என்ஜின் கல்லு மாதிரி இருக்கு" என்கிறார் விற்பவர். ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது. வாங்கலாமா?

பதில்: என்ஜின் கல்லு மாதிரியே இருக்கட்டும். புல் வெட்டுவதற்கென்று டிராக்டர் வாங்குகிறவரிடம் நான் முதலில் விசாரிப்பது கிளட்சைத்தான். என்ஜினின் சக்தியை எடுத்து மோவரைச் சுற்றவைக்கிற பி.டி.ஓ. தண்டு இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. கிளட்சை மிதித்தால் அது என்ன செய்கிறது என்று பார்த்தீர்களா?

மூன்று விதம் உண்டு. சில வண்டிகளில் பி.டி.ஓ.வுக்குத் தனி கிளட்ச் இருக்கும். வண்டியை நிறுத்துவதற்கும் மோவரை நிறுத்துவதற்கும் சம்பந்தமே இல்லை. சிலவற்றில் டபுள் கிளட்ச். பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுதும் மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். இந்த இரண்டில் எது இருந்தாலும் உங்களுக்குப் போதும். சிக்கல் மூன்றாவது விதத்தில்: ஒரே கிளட்ச், மிதித்தால் இரண்டுக்கும் ஒன்றாகச் சக்தி அறுந்துபோகும்.

அறுந்துபோனால் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் முதன்முதலில் ஓட்டிய பழைய டிராக்டர் இந்த ரகம். வேலியோரம் திரும்பப் போய், கிளட்சை அடிவரை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, வேலிக்குள்ளேயே போய் நின்றது. காரணம் பிறகுதான் புரிந்தது. ரோட்டரி மோவரின் கத்திகள் கனமானவை. என்ஜின் விட்டுவிட்டாலும் அவை வேகத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சுழற்சி தண்டு வழியாகக் கியர் பெட்டிக்குத் திரும்பி வந்து பின்சக்கரங்களைத் தள்ளுகிறது. என்ஜின் வண்டியை ஓட்டுவது போய், மோவர் ஓட்டுகிறது! 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் மாதிரியான பழைய வண்டிகளில் இது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை.

இதற்கு மாற்று இருக்கிறது. ஓவர்ரன்னிங் கிளட்ச் என்று ஒரு துண்டு, பி.டி.ஓ. தண்டின் முனையில் மாட்டுவது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதல்லவா, அந்த ஃப்ரீவீல் வேலையைத்தான் இது செய்கிறது. மோவர் தன்பாட்டுக்குச் சுற்றும், வண்டி நின்றுவிடும். பெரிய செலவில்லை. ஆனால் அதன் நீளம் கூடுவதால் மோவரின் இணைப்புத் தண்டை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டி வரலாம். இது தீர்ப்பதும் பாதிப் பிரச்சினையைத்தான். அடர்ந்த புல்லில் மோவர் திணறும்போது வண்டியை மட்டும் நிறுத்தி, கத்தி மறுபடி வேகம் பிடிக்கும்வரை காத்திருப்பது வழக்கம். ஒற்றை கிளட்சில் அது முடியாது. மிதித்தால் கத்தியும் ஓய்ந்துவிடும், விட்டால் புல்லின் நடுவில் இரண்டும் ஒன்றாகத் திணறிக் கிளம்ப வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் வேறு பாருங்கள்.

அடுத்தது சக்தி. 35 குதிரைசக்தி என்பது என்ஜினுடைய கணக்கு. பி.டி.ஓ. முனைக்கு வரும்போது ஏறக்குறைய 85 சதவீதம்தான் மிஞ்சும், அதாவது 30க்குச் சற்றுக் குறைவு. ரோட்டரி மோவருக்கு அடி ஒன்றுக்கு 5 குதிரைசக்தி என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. ஐந்தடிக்கு 25. புல்லுக்கும் களைக்கும் சரி. விரல் தடிமனுக்கு மேல் புதர்ச்செடி நின்றால் மெதுவாகப் போக வேண்டும். ஆறடி மோவர் வேண்டாம்.

மோவரைத் தூக்கிப் பார்த்தீர்களா? முழு உயரத்துக்குத் தூக்கி என்ஜினை அணையுங்கள். கொஞ்ச நேரத்திலேயே அது மெல்ல இறங்கி வந்தால் ஹைட்ராலிக்கில் எங்கோ கசிகிறது. தூக்கும்போது முன்சக்கரம் லேசாகிறதா என்றும் கவனியுங்கள். சின்ன டிராக்டரின் பின்னால் கனமான மோவர் தொங்கினால் ஸ்டீயரிங் கைக்குள் வராது. முன்னால் எடைக்கட்டி மாட்ட வேண்டும்.

மோவர் பழையது என்பதால் அதன் ஸ்லிப் கிளட்சையும் பாருங்கள். கல்லிலோ அடிக்கட்டையிலோ கத்தி மோதினால் வழுக்கிக் கொடுத்து கியர் பெட்டியைக் காப்பாற்றுவது அதன் வேலை. மழையில் கிடந்து துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் வழுக்காது. நட்டுகளைத் தளர்த்திச் சுற்றவைத்து, பிறகு பழைய அளவுக்கே இறுக்க வேண்டும். சில மோவர்களில் இதற்குப் பதில் ஷியர் போல்ட் இருக்கும். அது உடைவதற்கென்றே போட்ட போல்ட். அடிக்கடி உடைகிறதே என்று கடினமான போல்டைப் போட்டுவைத்திருக்கிறாரா என்று பாருங்கள். போட்டிருந்தால் கியர் பெட்டியை நம்பாதீர்கள்.

என்ஜினையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். ஆனால் குளிர்ந்த நிலையில். நீங்கள் போய்ச் சேரும்போது என்ஜின் சூடாக இருந்தால் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தகராறு இருக்கலாம். ஆறவிட்டுத் திரும்பப் போங்கள். சூடேறிய பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஹைட்ராலிக் ஆயில் பால்போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பின் டயர்களை விட்டுவிடாதீர்கள். பழைய வண்டியில் இரண்டு பின் டயர் மாற்றுகிற செலவு பேரத்தையே கவிழ்த்துவிடும். டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியிருந்தால் ரிம் உள்ளிருந்து அரித்திருக்கலாம். வால்வைச் சுற்றித் துரு தெரிகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஐந்தடி மோவரை மணிக்கு 5 கிலோமீட்டரில் ஓட்டினால், திரும்புவதும் ஒன்றன்மேல் ஒன்று வெட்டுவதும் போக, மணிக்கு ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக முடியும். உங்கள் ஆறு ஏக்கருக்கு நாலரை மணி நேரம். ஆண்டுக்கு மூன்று தடவை வெட்டினாலும் பதினான்கு மணி நேரம்கூட ஆகாது. வேறு வேலை எதுவும் டிராக்டருக்கு இல்லையென்றால், பக்கத்தில் வாடகைக்கு வெட்டித் தருகிறவரை விசாரித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். சொந்த டிராக்டர் ஆசை எனக்கும் தெரியும், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

வேறொருவர் கேள்வி: நான் பார்த்த டிராக்டரில், என்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டர் 1,800 மணி காட்டுகிறது. வண்டியோ முப்பது வருடப் பழசு. நம்பலாமா?

பதில்: மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பழைய இயந்திர மீட்டர்கள் பல, என்ஜின் சுற்றுகளை எண்ணித்தான் மணியைக் காட்டின. குறைந்த வேகத்தில் ஓடிய ஒரு மணி நேரம் அதில் முழு மணியாகப் பதிவாகாது. மீட்டர் மாற்றப்பட்டிருக்கலாம், பல வருடம் ஓடாமலே கிடந்திருக்கலாம். கிளட்ச், பிரேக் பெடல்களின் தேய்மானம், டிரெய்லரை மாட்டும் டிராபாரில் ஆணி போடும் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கிறதா, பி.டி.ஓ. தண்டின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருக்கின்றனவா, இவையெல்லாம் பொய் சொல்லாது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் நிலம் சரிவானது. பார்த்து வைத்திருக்கிற டிராக்டரில், கவிழ்ந்தால் காக்கும் அந்த இரும்பு வளைவு இல்லை. பட்டறையில் சொல்லி ஒன்றை வெல்டிங் செய்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. அது வெறும் வளைத்த குழாய் இல்லை. வண்டியின் முழு எடையும் மேலே விழும்போது நசுங்காமல் நிற்கும்படி சோதித்துச் செய்யப்படுகிறது. அச்சில் பொருத்துகிற போல்ட் வரைக்கும் கணக்கு இருக்கிறது. ஸ்வீடன் 1959லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டது. உங்கள் மாடலுக்கென்றே தயாரித்த வளைவு கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரின் உதிரிபாகக் கடையில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சரிவான நிலத்துக்கு அந்த வண்டி வேண்டாம். இதில் நான் பேரம் பேசமாட்டேன்.

வளைவு இருந்தால் சீட் பெல்ட் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கவிழும்போது நீங்கள் அதன் பாதுகாப்புக்கு வெளியே போய் விழுவீர்கள். வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் கட்டுவது அதைவிட ஆபத்து. சரிவில் குறுக்காக ஓட்டாமல் மேலும் கீழுமாக வெட்டுங்கள். மோவரைத் தாழ்வாகவே வைத்துக்கொள்ளுங்கள். இடது வலது பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுங்கள். ஒன்றை மட்டும் வேகத்தில் மிதித்தால் வண்டி சட்டென்று திரும்பிக் கவிழும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது. சட்டை நுனி மாட்டினால் நொடிக்கு இரண்டு மீட்டர் நீளத்தை உள்ளே இழுக்கும், கையை எடுக்க நேரம் இருக்காது. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் முதல் செலவு அதுதான். கத்தியில் பட்ட கல் வெகுதூரம் பறக்கும் என்பதால், வெட்டும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

கேள்வி: புல் வெட்டும்போது கருப்புப் புகை வருகிறது, என்ஜின் முக்குகிறது. ஆக்ஸிலரேட்டரைக் குறைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: குறைக்காதீர்கள், கியரைக் குறையுங்கள். ஆக்ஸிலரேட்டர் கத்தியின் வேகத்துக்கு, கியர் வண்டியின் வேகத்துக்கு. 540 காட்டும் இடத்தில் ஆக்ஸிலரேட்டரை வைத்துவிட்டு, ஒரு கியர் கீழே இறங்கினாலே போதும். கத்தி மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், புல்லின் நுனி வெட்டுப்படாமல் கிழிந்திருந்தால் மழுங்கிவிட்டது. ரேடியேட்டர் வலையில் புல் தூசி அப்பியிருக்கும், அதையும் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: ரோட்டரி மோவரில் வெட்டிய புல்லைக் காயவைத்துக் கட்டு கட்டி மாட்டுக்குச் சேமிக்கலாமா?

பதில்: அது புல்லைத் துண்டு துண்டாக அடித்துச் சிதறடிக்கும். வாரி எடுப்பதற்குள் பாதி மண்ணோடு போய்விடும். காயவைக்கிற புல்லை அடியில் ஒரே வெட்டாக வெட்டிச் சாய்க்க வேண்டும். அதற்கு டிரம் மோவரோ டிஸ்க் மோவரோ தேவை. உங்கள் டிராக்டர் சின்னது என்றால் சிக்கிள்பார் மோவர் பாருங்கள். கத்தரிக்கோல் போல வெட்டுவதால் அதற்குச் சக்தி குறைவாகவே வேண்டும், பழைய வண்டிக்குப் பொருத்தமான ஜோடி. பற்களுக்கு நடுவே கம்பியும் கல்லும் சிக்கும். முதல் வருடம் உதிரிக் கத்திகளைக் கையிலேயே வைத்திருங்கள்.