பீக்கன் ஹில்லில் ஏலத்துக்கு வரும் வீடு

கேள்வி: நானும் என் கணவரும் பாஸ்டன் நகரில் 12 ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். பீக்கன் ஹில் பகுதியின் பழைய செங்கல் வீடுகள் மீது எங்கள் இருவருக்கும் தீராத ஆசை, விலைதான் எட்டவில்லை. கடன் தவணை கட்டாத ஒரு வீட்டை வங்கி அங்கே ஏலம் விடப்போவதாக அண்மையில் செய்தித்தாளில் அறிவிப்புப் பார்த்தோம். ஏலத்தில் எடுத்தால் சந்தை விலையைவிட நன்றாகக் குறையும் என்கிறார் நண்பர் ஒருவர். துணிந்து இறங்கலாமா?
— வாசகி, பாஸ்டன்

பதில்: ஏலத்தில் விலை கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வீடு ஏலம்வரை ஏன் வந்தது? வீட்டு விலை சரிந்து, கடன் பாக்கி வீட்டின் மதிப்பைத் தாண்டிவிட்ட ஊர்களில் இதற்கு விடை எளிது. விற்றாலும் கடன் அடையாது என்பதால் உரிமையாளர் கைவிட்டிருப்பார். பீக்கன் ஹில் அப்படிப்பட்ட இடமன்று. அங்கே தவணை கட்ட முடியாமல் போனவர் ஒரு தரகரை அழைத்து வீட்டை விற்று, வங்கிக்குச் சேரவேண்டியதைக் கொடுத்து, மிச்சத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போக முடியும். அந்த வழி திறந்திருந்தும் ஒருவர் அதில் போகவில்லை என்றால், வாரிசுகளின் வழக்கோ, மணமுறிவுத் தகராறோ, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய கடன்களோ, வாங்க வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிய கட்டடக் குறையோ குறுக்கே நின்றிருக்க வாய்ப்பு அதிகம். அது ஏலத்தோடு தீருமா, உங்களுடன் சேர்ந்து குடிவருமா என்பதைப் பொறுத்துத்தான் அந்த விலை மலிவா இல்லையா என்பது தெரியும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அடமானப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும் விற்பனை அதிகாரத்தைக் கொண்டு, நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலேயே வங்கி வீட்டை ஏலம் விடலாம். அறிவிப்பு செய்தித்தாளில் அடுத்தடுத்து 3 வாரங்கள் வரவேண்டும். முதல் அறிவிப்பு ஏலத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்னதாக வந்திருக்கவேண்டும். ஏலம் பெரும்பாலும் அந்த வீட்டு வாசலிலேயே நடக்கும். ஆனால் உள்ளே போய்ப் பார்க்க அனுமதி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குறிப்பிட்ட முன்பணத்துக்கான வங்கிக் காசோலையைக் காட்டினால்தான் கேட்க விடுவார்கள்; மீதித் தொகையைக் கட்டப் பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. கடன் கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனைக்கு அங்கே இடமில்லை என்பதால், உங்கள் வங்கி காலம் தாழ்த்தினால் முன்பணம் உங்களுடையதாக இருக்காது. உங்கள் நண்பர் சொன்னது பொய்யன்று. ஏலத்தில் விலை குறைவாக முடிவது உண்டு. ஆனால் உங்கள் பக்கத்தில் நின்று கேட்பவர்கள் கையில் ரொக்கமும் இதே தொழிலில் பழகிய கண்ணும் உள்ளவர்கள். அவர்கள் விட்டுவைத்த மலிவை ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

இனி வில்லங்கம். முதல் அடமானத்துக்காக ஏலம் நடந்தால் அதற்குப் பின் ஏறிய கடன்கள் பொதுவாக வீட்டை விட்டு நீங்கிவிடும். ஏலம் விடுவது இரண்டாம் அடமானத்தின்மேல் கடன் கொடுத்தவராக இருந்தால் நிலைமை தலைகீழ். முதல் அடமானம் அப்படியே வீட்டின்மேல் நிற்கும், வீட்டோடு அந்தச் சுமையும் உங்களுக்கு வரும். எனவே அறிவிப்பில் எந்த அடமானம் என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நகராட்சியின் சொத்து வரிப் பாக்கியும் தண்ணீர்க் கட்டணப் பாக்கியும் ஏலத்தால் அழியா. பீக்கன் ஹில்லின் பழைய வீடுகள் பல தளம் தளமாகப் பிரிக்கப்பட்டு கண்டோமினியங்களாகிவிட்டன. அப்படி ஒன்றை எடுத்தால் கட்டட உரிமையாளர்கள் சங்கத்துக்குச் சேரவேண்டிய பராமரிப்புக் கட்டணத்தில் 6 மாத அளவுக்கு முதல் அடமானத்துக்கும் மேலான முன்னுரிமை உண்டு என்பதை மறக்கவேண்டாம். வரிப் பாக்கிக்காக மத்திய வரித்துறையின் பாத்தியதை அந்த அடமானத்துக்குப் பின்னால் வீட்டின்மேல் ஏறியிருந்தால், ஏலம் முடிந்த பிறகும் 120 நாள்வரை அத்துறை பணம் கட்டி அந்த வீட்டை உங்களிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம். அந்தக் காலம் முடியும்வரை சமையலறையை இடித்துக் கட்டத் தொடங்காதீர்கள்.

இவற்றைவிட ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. 2011 ஜனவரியில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் இபானெஸ் வழக்கில், ஏல அறிவிப்புக் கொடுத்த நேரத்தில் அடமானம் தன் பெயரில் முறையாக மாற்றப்பட்டிருந்ததைக் காட்ட முடியாத வங்கியின் ஏலம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பெவிலாக்வா வழக்கில், அப்படிச் செல்லாத ஏலத்தின் வழியாக வந்த வீட்டை வங்கியிடமிருந்து வாங்கியவருக்கும் உரிமை இல்லை என்று கூறிவிட்டது. அந்த மனிதர் பணம் கொடுத்தார், பத்திரம் பதிந்தார், ஆனாலும் வீடு அவருடையதாகவில்லை. இந்த நிலையைச் சீர்செய்ய 2015-இல் ஒரு சட்டம் வந்தது. விலக்குகள் சில நீங்கலாக, ஏலம் முறைப்படி நடந்ததாக உறுதிகூறும் பத்திரம் பதிவாகி 3 ஆண்டுகளுக்குள் எவரும் முறையாக எதிர்க்காவிட்டால் அதன்பின் அந்தக் குறையைக் காட்டி உரிமையைக் குலைக்க முடியாது. ஆகவே சஃபோக் கவுண்டிப் பத்திரப் பதிவகத்தில் அடமானம் கைமாறிய ஒவ்வொரு பதிவையும் தேதி வரிசையில் ஒரு வழக்கறிஞரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் செலவை ஏலத்துக்கு முன்பே செய்யவேண்டும், ஏலம் கிடைக்காமல் போனால் அது திரும்பி வராது. அப்படியிருந்தும் இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது என்பதே என் கருத்து. உரிமை மூலக் காப்பீடு, அதாவது வீட்டின் உரிமையில் பின்னால் குறை தெரிந்தால் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு, தர எந்த நிறுவனமும் முன்வராத வீட்டை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஏலத்தில் எடுத்த வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருந்தால் என்ன செய்வது?
— வாசகர், கேம்பிரிட்ஜ்

பதில்: பூட்டை மாற்றுவதோ தண்ணீரை நிறுத்துவதோ சட்டவிரோதம்; நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே வெளியேற்ற முடியும். முறையான வாடகைதாரர் இருந்தால், 2009-இல் வந்து 2018-இல் நிரந்தரமாக்கப்பட்ட மத்தியச் சட்டப்படி அவருடைய ஒப்பந்தக் காலம் முடியும்வரை காத்திருக்கவேண்டும். நீங்களே அந்த வீட்டில் குடியேறப் போகிறீர்கள் என்றால் 90 நாள் அறிவிப்புப் போதும். பழைய உரிமையாளரே உள்ளே இருப்பதுதான் கடினமான நிலை. ஏலம் முறையாக நடக்கவில்லை என்ற வாதத்தை வெளியேற்ற வழக்கிலேயே அவர் எழுப்பலாம், அது முடியும்வரை வரியும் வட்டியும் நீங்கள்தான் கட்டவேண்டும்.

கேள்வி: பீக்கன் ஹில்லில் பழைய வீட்டை எடுத்து நம் விருப்பப்படி புதுப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அங்கே கட்டுப்பாடுகள் அதிகம் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், நியூட்டன்

பதில்: உள்ளே உங்கள் விருப்பம், வெளியே அவர்கள் விருப்பம் என்று சொல்லிவிடலாம். 1955-இல் பீக்கன் ஹில் வரலாற்றுப் பகுதியாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் எந்த மாற்றத்துக்கும் பீக்கன் ஹில் கட்டடக்கலை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். வாசற்கதவின் வண்ணத்தை மாற்றுவதும் இதில் அடங்கும். முந்தைய உரிமையாளர் ஒப்புதல் இல்லாமல் பொருத்திய பிளாஸ்டிக் சன்னல்களைப் பற்றி ஆணையம் கேட்டால், பதில் சொல்லவேண்டியவர் இன்றைய உரிமையாளர். தவணையே கட்ட முடியாமல் திணறியவர் விதிப்படி மரச்சன்னல் செய்து மாட்டியிருப்பார் என்று நம்புவதற்கில்லை.

சன்னலில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1978-க்கு முன் கட்டிய வீட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தை குடியிருந்தால், ஈய வண்ணப்பூச்சினால் வரும் ஆபத்தை உரிமையாளர் நீக்கவேண்டும் என்பது மாசசூசெட்ஸ் சட்டம். பழைய மரச்சன்னல்களில்தான் அந்தப் பூச்சு உரசிப் பொடியாகும். ஆணையமோ அந்தச் சன்னல்களைக் காக்கவே விரும்பும். இரண்டையும் நிறைவேற்றத் தெரிந்த தச்சர் மலிவாகக் கிடைக்கமாட்டார். வரலாற்றுக் கட்டடச் சீரமைப்புக்கான 20 விழுக்காடு மத்திய வரிச்சலுகை உதவும் என்று கணக்குப் போட்டிருந்தால் அதை அடித்துவிடுங்கள். அது வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கு மட்டுமே, சொந்தக் குடியிருப்புக்கு இல்லை.

எனக்குப் பெரிய அச்சம் சன்னலைப் பற்றியதன்று, அடித்தளத்தைப் பற்றியது. சார்லஸ் தெருவுக்கு மேற்கே உள்ள சமதளப் பகுதி ஆற்றை மண்ணிட்டு நிரப்பி உருவாக்கியது. அங்குள்ள வீடுகள் பல மரத்தூண்கள் மேல் நிற்கின்றன. நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கும்வரை அந்த மரம் கெடாது. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் தூணின் தலை மக்கத் தொடங்கும். மக்கிய பகுதியை அறுத்தெடுத்துக் கான்கிரீட் கொடுத்துத் தாங்கவேண்டும். இரு வீடுகளுக்கும் நடுச்சுவர் பொது என்பதால் பக்கத்து வீட்டாரின் ஒத்துழைப்பும் தேவைப்படும். நிலத்தடி நீரைக் கண்காணிக்க 1986-இல் நிறுவப்பட்ட பாஸ்டன் நிலத்தடி நீர் அறக்கட்டளை கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகளை வெளியிடுகிறது. நீங்கள் எண்ணியிருக்கும் தெருவின் அளவுகளை அங்கே பாருங்கள். தூணைச் சோதிக்கக் குழி தோண்டவேண்டும். ஏலத்துக்கு முன் அதற்கு யாரும் இடங்கொடுக்கமாட்டார்கள்.

அதனால் இந்தப் பகுதியில் வாசல் ஏலத்தைவிட, ஏலத்தில் விலை போகாமல் வங்கியே எடுத்துக்கொண்டு பிறகு தரகர் மூலம் விற்கும் வீட்டையே பரிந்துரைப்பேன். விலை சந்தைக்கு அருகில் இருக்கும், வங்கி எந்தப் பொறுப்பும் ஏற்காமல் உள்ளது உள்ளபடிதான் எழுதிக் கொடுக்கும். ஆனால் பொறியாளருடன் நீங்கள் நிலவறைக்குள் இறங்கலாம், குழி தோண்ட எழுத்தில் அனுமதி கேட்கலாம், மறுத்தால் திரும்பி வந்துவிடலாம்.