தம்பியின் கார் தவணையும் பாராலீகல் படிப்பும்

கேள்வி: கலிஃபோர்னியாவில் கணவர், குழந்தையுடன் வசிக்கிறேன். கிரீன் கார்டு வந்து மூன்று வருடமாகிறது. ஊரில் பி.காம். முடித்தேன். கம்யூனிட்டி காலேஜில் பாராலீகல் (வழக்கறிஞருக்குச் சட்ட உதவியாளர்) படிக்க ஆசை, ஆனால் கையில் பணம் நிற்பதில்லை. திருப்பூரில் இருக்கும் தம்பியின் கார் தவணைக்காக மாதம் 300 டாலர் கிரெடிட் கார்டு வழியாக அனுப்புகிறேன். கார்டில் 5,000 டாலர் பாக்கி. படிப்புக்கு 8,000 டாலர் கடன் வாங்கலாமா? ஐயூஎல் (பங்குச்சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) பாலிசி போட்டால் அதிலிருந்தே படிப்புச் செலவுக்கு எடுக்கலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர்.

பதில்: எட்டாயிரம் எதற்கு? மாநிலவாசிகளுக்கு கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர்தான். பாராலீகல் சர்ட்டிஃபிகேட்டுக்கு மாநிலச் சட்டம் கேட்கும் சட்டப் பாடங்கள் குறைந்தது 24 செமஸ்டர் யூனிட். பெருக்கினால் 1,104 டாலர். புத்தகச் செலவு தனி. பொதுப் பாடம் சிலவும் எடுக்கச் சொல்லலாம். அப்போதும் எட்டாயிரத்தை நெருங்காது.

உங்கள் பணம் கரைவது அந்த 300 டாலரில்தான். கார்டு ஸ்டேட்மெண்டை எடுத்து, வட்டிக் கணக்குப் பகுதியில் 'கேஷ் அட்வான்ஸ்' (கார்டில் ரொக்கமாக எடுத்த கடன்) என்ற வரியைப் பாருங்கள். கார்டில் பணம் அனுப்பினால் பல வங்கிகள் அதை அந்தக் கணக்கில்தான் எழுதும். அதற்குத் தனிக் கட்டணம், கூடுதல் வட்டி, வட்டியில்லாச் சலுகை நாட்களும் கிடையாது. வட்டி 29 சதவீதம் என்று வைத்தால், 5,000-க்கு மாதம் ஏறக்குறைய 120 டாலர். பத்து மாத வட்டியில் உங்கள் சட்டப் பாடங்கள் மொத்தமும் முடிந்துவிடும்!

இன்னொன்று. மினிமம் தொகை மட்டும் கட்டினால், வங்கி அதைக் குறைந்த வட்டிப் பாக்கியில் கழிக்கலாம். கேஷ் அட்வான்ஸ் அப்படியே நிற்கும். அதற்கு மேல் கட்டும் பணம்தான் அதிக வட்டிப் பாக்கிக்குப் போகவேண்டும் என்பது சட்டம். அதனால் மினிமத்துக்கு மேல் 300 டாலர் கட்டுங்கள். அதைத் தம்பியிடமிருந்துதான் எடுக்கவேண்டும். அம்மாவின் மருந்துச் செலவு என்றால் நான் இப்படிச் சொல்லமாட்டேன். இது கார். "அடுத்த மாதத்திலிருந்து முடியாதுடா, வேண்டுமானால் வண்டியை வித்துடு" என்று நீங்களே போனில் சொல்லுங்கள், அம்மா மூலமாக வேண்டாம்.

ஐயூஎல் இப்போது நம்மவர்கள் கூடும் இடமெல்லாம் விற்கப்படுகிறது. முதல் சில வருடங்களில் கமிஷனும், பாலிசியை இடையில் முடித்தால் பிடிக்கும் சரண்டர் கட்டணமும் போக எடுக்க என்ன மிஞ்சும்? படிப்புக்கு இது உதவாது. கையெழுத்துப் போடாதீர்கள்.

கடன் வேண்டாம். முதலில் காலேஜில் ப்ராமிஸ் கிராண்ட் விண்ணப்பியுங்கள். குடும்ப வருமானம் குறைவென்றால் யூனிட் கட்டணமே தள்ளுபடி ஆகும். கிடைக்காவிட்டால், கட்டிய கட்டணத்தில் 20 சதவீதம் வரை லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்டாக வரியில் கழியும். அதற்கும் வருமான வரம்பு உண்டு. காலேஜ் தரும் 1098-டி கட்டணப் படிவத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பாராலீகல்களின் இடைநிலைச் சம்பளம் 2024-ல் நாடளவில் சுமார் 61,000 டாலர். கார்டு அடைபடும்வரை காத்திருக்கவேண்டாம், இந்த செமஸ்டரே இரண்டு பாடம் எடுங்கள். பணம் கட்டும் முன், சர்ட்டிஃபிகேட் மாநிலச் சட்டத்தின் 6450-ஆம் பிரிவுக்குப் பொருந்துமா என்று காலேஜ் கவுன்சிலரிடம் (படிப்பு ஆலோசகர்) எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.