புளிச்சது பீரா, பக்கெட்டா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வியெல்லாம் வீட்ல பீர் காய்ச்சுறவங்க கிட்ட இருந்து, அதுலயும் முக்கால்வாசி "புளிச்சுப் போச்சு, என்ன பண்றது"ங்கற ரகம். காய்ச்சுறதா எழுதினவங்க எல்லாருமே அதுக்கு அனுமதி இருக்கற நாடுகள்ல இருக்காங்க. தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டப்படி இது குத்தம், அதனால ஊர்ல இருந்து படிக்கறவங்க விஷயம் தெரிஞ்சுக்கறதோட நிறுத்திக்கோங்க.

கேள்வி (சிங்கப்பூர்): மூணு பேட்ச்சா புளிப்பு. ஒவ்வொரு தடவையும் ஸ்டார் சான் (கிருமி கொல்ற திரவம்) போட்டு நல்லா குலுக்கிட்டு தான் எல்லாத்தையும் யூஸ் பண்றேன். ஈஸ்ட் மாத்தினேன், மால்ட் (முளைகட்டின தானியம்) மாத்தினேன், ஒண்ணும் சரியா வரல. பாட்டில்ல அடைக்கும்போது குடிச்சுப் பாத்தா அருமையா இருக்கு, ரெண்டு மூணு வாரத்துல புளிச்சுடுது.

பதில்: நீங்க எழுதின கடைசி வரில தான் விஷயமே இருக்கு. அடைக்கற நேரத்துல நல்லா இருந்து அப்புறம் புளிக்குதுன்னா ஈஸ்ட்டையும் மால்ட்டையும் சந்தேகப்பட்டு பிரயோஜனம் இல்ல, ஃபெர்மென்டரை (பீர் நொதிக்கற பாத்திரம்) விட்டு பாட்டிலுக்குப் போற வழியில எங்கேயோ லாக்டோபேசிலஸோ (சுருக்கமா லாக்டோ) பீடியோகாக்கஸோ, புளிப்பாக்கற பாக்டீரியா ஏதோ ஒண்ணு உக்காந்துட்டு இருக்கு. நான் முதல்ல பாக்கச் சொல்றது பாட்டிலிங் பக்கெட்டோட டேப் (திறந்து மூடற குழாய்). பாக்க ஒரே பீஸ் மாதிரி தெரியும், ஆனா நிறைய பிளாஸ்டிக் டேப் உள்ள ரெண்டு பீஸ். பக்கெட்ல இருந்து கழட்டி நல்ல சூடான தண்ணில கொஞ்ச நேரம் போட்டு வெச்சு (கொதிக்கற தண்ணி வேணாம், பிளாஸ்டிக் வளைஞ்சுடும்) பின்பக்கமா அழுத்திப் பாருங்க, உள்ள சுத்துற உருளை வெளிய வந்துடும். அதுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவுல விரல் வெச்சுப் பாத்தா வழவழன்னு பழுப்பு நிறத்துல பிசுக்கு ஒட்டும், மோந்து பாத்தா பழைய மோர் வாடை அடிக்கும். உங்க மூணு பேட்ச்சும் அந்த இடுக்கு வழியா தான் போயிருக்கும்னு நினைக்கறேன்.

ஸ்டார் சான் மேல குத்தம் சொல்ல முடியாது. அது ஆசிட் சானிட்டைசர், சுத்தமான பரப்புல இருக்கற கிருமியக் கொல்லும், பிசுக்குக்கு உள்ள புகுந்து கொல்லாது. அதனால முதல்ல கழுவணும், அப்புறம் தான் சானிட்டைஸ் பண்ணணும். கழுவுறதுக்கு பிபிடபிள்யூங்கற கழுவற பவுடர் இல்லன்னா சோடியம் பெர்கார்பனேட், 50-60 டிகிரி தண்ணில கலந்து ராத்திரி முழுக்க ஊற விட்டு, நல்லா அலசிட்டு அப்புறம் ஸ்டார் சான். லிட்டருக்கு ஒன்றரை மில்லி கணக்கு, ஒரு நிமிஷம் ஈரமா இருந்தா போதும், நுரையைப் பாத்து பயப்பட வேணாம், அலசவும் வேணாம். டேப் முடிஞ்சதும் பாட்டிலிங் வாண்டோட (பாட்டில் நிரப்பற குழல்) நுனில இருக்கற ஸ்பிரிங்கைக் கழட்டிப் பாருங்க, ஆட்டோசைஃபனை (பீரை உறிஞ்சி மாத்தற பம்ப்) கழட்டுங்க, ட்யூபை வெளிச்சத்துல பிடிச்சு மங்கலா தெரிஞ்சா யோசிக்காம மாத்துங்க, அதோட விலை ஒரு பேட்ச் மால்ட் விலைல கால்வாசி கூட வராது. பக்கெட் உள்பக்கம் நகத்தால தடவிப் பாருங்க, கீறல்ல நகம் மாட்டுதுன்னா அந்த பக்கெட்டை வேற எதுக்காவது வெச்சுக்கோங்க.

இதையெல்லாம் பண்ணிட்டும் சந்தேகம் இருந்தா அடுத்த தடவை நாலஞ்சு பாட்டிலை மட்டும் புது ட்யூப் போட்டு நேரா ஃபெர்மென்டர்ல இருந்து நிரப்பி, கேஸ் ஏற போடற சர்க்கரையை பாட்டிலுக்குள்ளயே போட்டு அடையாளம் வெச்சுடுங்க. அது நல்லா இருந்து மத்தது புளிச்சா குத்தவாளி பாட்டிலிங் பக்கம், எல்லாமே புளிச்சா இன்னும் முன்னாடி தேடணும். உங்க ஊர் வெக்கைக்கு இன்னொண்ணும் சொல்லணும், 28, 30 டிகிரில அலமாரில வெக்கற பாட்டில்ல கொஞ்சூண்டு கிருமி இருந்தா கூட வேகமாப் பெருகும், அதனால கேஸ் ஏறினதும் ஃப்ரிட்ஜுக்கு மாத்திடுங்க.

கேள்வி (ஸ்காபரோ, கனடா): என்ர பியருக்கு மேல வெள்ளையா, சுருங்கின தோல் மாதிரி ஒண்டு படிஞ்சு கிடக்கு. இடையில பெரிய குமிழுகளும் நிக்குது. மனிசி உடன ஊத்தச் சொல்லுறா. ஊத்தட்டோ, வைச்சிருக்கட்டோ?

பதில்: இன்னைக்கு ஊத்தாதீங்க. நீங்க சொல்றது பெலிக்கிள் மாதிரி தான் இருக்கு. பிரெட்டனோமைசஸ் (சுருக்கமா பிரெட்) மாதிரி காட்டு ஈஸ்ட்டும் சில பாக்டீரியாவும் மேல காத்து படற இடத்துல கட்டுற ஆடை அது. பூஞ்சைன்னா வேற மாதிரி இருக்கும், பஞ்சு மாதிரி முடி முடியா, பச்சை, கறுப்பு, ரோஸ் நிறத்துல வட்ட வட்டமா. அப்படி எதாவது தெரிஞ்சா உங்க வீட்டம்மா சொல்றது தான் சரி, மொத்தத்தையும் கொட்டிடுங்க, மேலாக வழிச்சுட்டுக் குடிக்கற வேலை வேணாம்.

பெலிக்கிள் தான்னு உறுதியானா அதுக்குக் கீழ இருந்து கொஞ்சம் எடுத்து மோந்து பாருங்க. வினிகர் வாடையோ நெயில் பாலிஷ் வாடையோ தூக்கலா இருந்தா காத்து நிறைய போயிருக்கு, அசிட்டோபேக்டர் வேலை, அது திரும்பாது. லேசான புளிப்பு, பழ வாசனை, மாட்டுக்கொட்டகை வைக்கோல் மாதிரி ஒரு வாடைன்னா அது பிரெட், அதை நான் காப்பாத்தத் தான் சொல்வேன். இந்த பிரெட்டனோமைசஸை கார்ல்ஸ்பெர்க்ல வேலை பாத்த கிளவ்சன் 1904ல பிரிட்டிஷ் பீர்ல இருந்து பிரிச்சு எடுத்து, பழைய இங்கிலீஷ் பீரோட ருசிக்கே இது தான் காரணம்னு சொன்னாரு. பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் காய்ச்சுறவங்க இன்னைக்கும் ஈஸ்ட்டே போடாம, சூடான வோர்ட்டை (ஈஸ்ட் சேராத மால்ட் தண்ணி) அகலமான தொட்டில ராத்திரி முழுக்கக் காத்தோட்டமா ஆற விட்டு, அப்புறம் மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா வெக்கறாங்க, ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷச் சரக்கையெல்லாம் கலந்தா கூஸ்ங்கற பீர். அந்தப் பீப்பாய்க்குள்ளயும் பெலிக்கிள் கட்டும். அதனால ஆடையைப் பாத்த உடனே கெட்டுப் போச்சுன்னு முடிவு கட்ட வேணாம்.

வெச்சுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா கார்பாய்ல (பெரிய குடுவை) கழுத்து வரைக்கும் நிரம்பி இருக்கற மாதிரி பாத்துக்கோங்க, ஏர்லாக்ல (கேஸை வெளிய விட்டு காத்தை உள்ள விடாத மூடி) தண்ணி வத்த விடாதீங்க, சும்மா சும்மா திறந்து பாக்காதீங்க. நடுவுல பீர் எண்ணெய் மாதிரி கொழகொழன்னு நூலா ஒழுகினாலோ வெண்ணெய் வாடை வந்தாலோ அது பீடியோகாக்கஸ், பயப்படாம இன்னும் சில மாசம் விடுங்க, பிரெட் இருந்தா அதை எல்லாம் தின்னு சரி பண்ணிடும். ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி பாக்கற கருவி) ரீடிங் ரெண்டு மூணு மாசம் அசையாம நின்ன பிறகு தான் பாட்டில், அதுவும் ஷாம்பெயின் மாதிரி கனமான பாட்டில்.

கேள்வி (மெல்பர்ன்): புளிப்பே இல்ல, ருசி நல்லா தான் இருக்கு, ஆனா திறந்தா பாதி பாட்டில் சீலிங்ல அடிக்குது. நேத்து ஒரு பாட்டில் தானா வெடிச்சிடுச்சு. சர்க்கரை அளந்து தான் போட்டேன்.

பதில்: இதைப் படிக்கறதை நிறுத்திட்டு முதல்ல மீதி பாட்டிலைக் கவனிங்க. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கனமான கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு, மேல ஒரு கனத்த துணியை மூடி மெதுவா தூக்கி ஃப்ரிட்ஜுல வெச்சு, நல்லா சில்லுனு ஆனதும் ஒவ்வொண்ணா திறந்து கேஸை விட்டுடுங்க. குழந்தைங்க இருக்கற வீடுன்னா அந்தப் பக்கமே விடாதீங்க.

காரணம் அனேகமா டயாஸ்டாட்டிகஸ். இதுவும் நம்ம பீர் ஈஸ்ட் ஜாதி தான், ஆனா எஸ்டிஏ1ன்னு ஒரு ஜீன் இருக்கறதால சாதா ஈஸ்ட் தொடாம விட்டுடற டெக்ஸ்ட்ரின்ங்கற பெரிய சர்க்கரையைக் கூட மெதுவா உடைச்சுத் தின்னும். கிராவிட்டி (அடர்த்தி) 4 பாயின்ட் இறங்கினாலே, அதாவது 1.012ல இருந்து 1.008 ஆனாலே, கிட்டத்தட்ட 2 வால்யூம் (பீர் அளவைப் போல ரெண்டு மடங்கு) கேஸ் கூடுதலா ஏறும், நீங்க போட்ட சர்க்கரை கேஸுக்கு மேல இது. சாதா பாட்டில் எப்படித் தாங்கும்? இதுக்கு முன்னாடி எப்பவாவது செசோன் வகை பீர் காய்ச்சினீங்களான்னு யோசிங்க. பெல் செசோன் மாதிரி ஈஸ்ட்ல இந்த குணம் இயற்கையாவே இருக்கு, அது தப்பில்ல, ஆனா அது போன ட்யூப்லயும் டேப்லயும் மிச்சம் ஒட்டியிருந்தா அடுத்து காய்ச்சற ஸ்டவுட் பீருக்குள்ள வந்துடும். இன்னொரு வாய்ப்பு, ஃபெர்மென்டேஷன் முடியறதுக்கு முன்னாடியே அடைச்சது. ரிஃப்ராக்டோமீட்டர்ல (ஒளியை வெச்சு சர்க்கரை அளக்கற கருவி) பாத்து அடைச்சிருந்தா, ஆல்கஹால் வந்த பிறகு அது அப்படியே காட்டற நம்பரை நம்பக் கூடாது, ஒண்ணு கணக்குப் போட்டுத் திருத்தணும், இல்ல ஹைட்ரோமீட்டர்ல பாக்கணும்.

கேள்வி (நியூ ஜெர்சி): கெட்டில் சவர் (அண்டாலயே வோர்ட்டைப் புளிக்க வெச்சுக் காய்ச்சற பீர்) பண்ணப் போறேன். தனியா கல்ச்சர் வாங்காம வீட்டுத் தயிரோ புளிச்ச இட்லி மாவோ ஒரு கரண்டி போட்டா போதாதா? அதுவும் லாக்டோ தானே?

பதில்: ஆசை புரியுது, ஆனா ரெண்டும் வேணாம். தயிர்ல இருக்கற கிருமி பாலோட லாக்டோஸைத் தின்னு பழகினது, வோர்ட்ல இருக்கறது மால்ட்டோஸ், யோகர்ட் கல்ச்சர்ல வர்ற பல்கேரிகஸ், தெர்மோஃபிலஸ் ரெண்டுக்கும் அது சரியா ஒத்து வராது. இட்லி மாவுல லூகோநாஸ்டாக் தொடங்கி உளுந்துலயும் அரிசிலயும் ஒட்டிட்டு வர்ற கூட்டமே இருக்கு, மாவுக்கு அது நல்லது, நாம வேகவெச்சு சாப்பிடறோம், வோர்ட்ல அந்தக் கூட்டத்துல யாரு முந்துவாங்கன்னு சொல்ல முடியாது. பிளான்டாரம் வகை லாக்டோ வாங்குங்க, அது மட்டும் இருக்கற ப்ரோபயாட்டிக் கேப்சூல் கூட பலபேர் போடறாங்க.

செய்முறைல மூணு விஷயம் பிடிச்சுக்கோங்க. புளிக்கற வரைக்கும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தர்ற பூ) ஒரு சிட்டிகை கூடப் போடாதீங்க, லாக்டோ பலதுக்கும் அந்தக் கசப்பு ஆகாது. வோர்ட்டை ஒரு கொதி விட்டு ஆத்தினதும் லாக்டிக் ஆசிட் விட்டு பிஹெச்சை 4.5க்கு இறக்கிடுங்க, வேண்டாத கிருமி தலைதூக்காது. அப்புறம் காத்துப் படாம க்ளிங் ஃபிலிமை வோர்ட் மேலயே படற மாதிரி ஒட்டி, 30ல இருந்து 37 டிகிரிக்குள்ள வெச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல 3.3, 3.4க்கு வந்துடும், உடனே கொதிக்க வெச்சு லாக்டோவைக் கொன்னுடலாம். திறக்கும்போது வாந்தி வாடை வந்தா அது ப்யூட்டிரிக் ஆசிட், கொதிக்க வெச்சா போயிடும்னு நம்பி ஹாப்ஸை வீணாக்காதீங்க, கொட்டிடுங்க.

கேள்வி (லண்டன்): பீர் முழுக்க பேண்ட்-எய்ட் வாடை. ஸ்டார் சான் கலக்கினா வேற பாலா திரிஞ்சு போகுது.

பதில்: ரெண்டுமே உங்க தண்ணி. குழாய்த் தண்ணில இருக்கற குளோரினோ குளோரமைனோ மால்ட்ல இருக்கற ஃபீனாலோட சேர்ந்தா அந்த மருந்து வாடை, ரொம்பக் கொஞ்சமா இருந்தாலே மூக்குக்குத் தெரியும். முதல் நாளே குளோரினைப் போக்கற கேம்ப்டன் மாத்திரையைப் பொடி பண்ணிக் கலந்துடுங்க, ஒரு மாத்திரை 75 லிட்டருக்குப் போதும். ப்ளீச் போட்டு பாத்திரம் கழுவுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, இதே வாடை அதுலயும் வரும். அதோட ப்ளீச்சையும் ஆசிட் சானிட்டைசரையும் எந்தக் காரணத்துக்கும் ஒண்ணா சேர்க்காதீங்க, குளோரின் கேஸ் வரும், மூடின கிச்சன்ல அது உயிருக்கே ஆபத்து. ஸ்டார் சான் மங்கறது உப்புத் தண்ணியால, பிஹெச் 3க்குக் கீழ இருந்தா மங்கலா இருந்தாலும் வேலை செய்யும், டிஸ்டில்டு வாட்டர்ல கலந்தா ரொம்ப நாள் தாங்கும்.

கேள்வி (கடலூர்): என் பையன் சிங்கப்பூர்ல இருக்கான், வீட்லயே பீர் காய்ச்சுறதா போன்ல சொன்னான். கள்ளக்குறிச்சி சாவெல்லாம் பாத்த பிறகு எனக்குத் தூக்கமே வரல. கண்ணு போயிடாதே?

பதில்: அம்மா, இந்த ஒரு விஷயத்துல நீங்க நிம்மதியா இருக்கலாம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால. தானியத்துல புளிக்கற பீர்ல ஈஸ்ட் தர்றது எத்தனால், மெத்தனால் வர்றதுக்குப் பெக்டின் வேணும், அது பழத்துல தான் அதிகம், பீர்ல வர்றது கண்ணைப் பாதிக்கற அளவுக்குப் பக்கத்துல கூட வராது. கிருமி ஏறிப் புளிச்சுப் போனாலும் அது மெத்தனாலா மாறாது. சிங்கப்பூர்ல வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்ல, விக்கத் தான் கூடாது. ஒண்ணே ஒண்ணு கேளுங்க, "காய்ச்சி வடிக்கறியா"ன்னு. வடிக்கறது வேற விஷயம், அங்கயும் சட்டவிரோதம். இல்லன்னு சொன்னா கொதிக்கற அண்டாகிட்ட ஜாக்கிரதையா இருன்னு மட்டும் சொல்லுங்க.

கேள்வி (மெல்பர்ன், இன்னொருத்தர்): சவர் பீருக்குன்னு தனி செட் வாங்கணுமா? வீட்ல இடமும் இல்ல, காசும் இல்ல.

பதில்: முழு செட் வேணாம். ஸ்டெயின்லெஸ், கண்ணாடி ரெண்டையும் நல்லா தேய்ச்சுக் கழுவினா எதுக்கு வேணாலும் போடலாம். தனியா வெக்க வேண்டியது மெத்துனு இருக்கறதெல்லாம்: ட்யூப், டேப், வாஷர், ஏர்லாக் ரப்பர், பிளாஸ்டிக் பக்கெட், கெக்ல (உலோகப் பீப்பாய்) அடைச்சா அதோட ஓ-ரிங். இதுக்கெல்லாம் ஒரு சிவப்பு ஒட்டு டேப் சுத்தி வேற டப்பால போட்டுடுங்க, ட்யூப் ட்யூபோட கலந்துடும், அங்க தான் எல்லாருக்கும் பிரச்சனை வருது. கெட்டில் சவர் மட்டும் பண்றீங்கன்னா லாக்டோ கொதியிலயே செத்துடும், பிரிக்கவே தேவையில்ல. மரத் துண்டோ பீப்பாயோ பிரெட் பட்டுட்டா அது காலத்துக்கும் சவருக்கு தான், மரத்துக்குள்ள ஆழமா போயிடும். மிச்சம் பண்ற காசுல ஒரு பிஹெச் மீட்டர் வாங்குங்க, ஸ்ட்ரிப்ல 3.3க்கும் 3.6க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் 7லயும் 4லயும் காலிப்ரேட் பண்ணிட்டு, முனையை ஸ்டோரேஜ் சொல்யூஷன்லயே வெச்சிருங்க, வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல வெச்சா சீக்கிரம் போயிடும்.