அச்சில் உள்ளபடியே வாசியுங்கள்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. இரவில் தூங்கும் முன் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். ‘சென்றது’, ‘கூறியது’ என்று வாசித்தால், “ஏம்மா இப்படிப் பேசற?” என்று கேட்கிறான். அதனால் வரிகளைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்கிறேன். இது சரியா? பத்து நாளாக ஒரே புத்தகத்தைத்தான் கேட்கிறான். சில நாள் பாதியில் எழுந்து ஓடிவிடுகிறான். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. அவர் ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வீட்டில் பேசும் தமிழும் புத்தகத்தில் இருக்கும் தமிழும் வேறு என்பதை உங்கள் மகன் நான்கு வயதிலேயே காதால் கண்டுபிடித்துவிட்டான். அந்தக் கேள்வியைக் கேட்டு நீங்கள் வாசிப்பை மாற்றிக்கொண்டதுதான் எனக்கு வருத்தம். இன்று இரவிலிருந்து மீண்டும் அச்சில் உள்ளபடியே வாசியுங்கள்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘ஆத்தங்கரைக்குப் போச்சு’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை, ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் ‘ஆற்றங்கரைக்குச் சென்றது’ என்ற வரியைப் பார்க்கிறது. சிரமப்பட்டு எழுத்துக் கூட்டி வரியை முடித்துவிட்டாலும், ‘சென்றது’ என்ற சொல் அதற்கு முன் காதில் விழுந்திராவிட்டால், தான் கூட்டிய ஒலிகள் சேர்ந்து ஒரு சொல் ஆகிவிட்டன என்பதே அதற்குப் பிடிபடாது. எழுத்தையும் புதிதாகப் பழகிக்கொண்டு, அந்த எழுத்தில் இருக்கும் தமிழையும் புதிதாகப் பழக வேண்டிய நிலையில்தான், வீட்டில் வாயாடும் எத்தனையோ குழந்தைகள் வகுப்பில் புத்தகத்தைத் திறந்ததும் ஊமையாகிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் எழுத்துத் தமிழை மெதுவாக, அன்போடு, பொருள் புரியும்படி ஒருவர் அவன் காதில் சொல்லும் நேரம் அந்த இரவுக் கால் மணி நேரம் மட்டுமே. அதையும் பேச்சுத் தமிழாக மாற்றிவிட்டால், வேறு எங்கே அவன் அதைக் கேட்பான்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அரபு மொழியிலும் பேச்சும் எழுத்தும் வெகுவாக விலகி நிற்கின்றன. அங்கும் சின்னக் குழந்தைகளுக்கு எழுத்து மொழி புரியாது என்று எண்ணி, கதைகளைப் பேச்சு வழக்கில் மாற்றிச் சொல்லும் பழக்கம் உண்டு. அரபு பேசும் மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில மாதங்கள் நாள்தோறும் எழுத்து மொழியிலேயே கதைகளை வாசித்துக் காட்டி நடத்திய ஆய்வு ஒன்று 1993இல் வெளிவந்தது. கதை கேட்டுப் புரிந்துகொள்வதிலும், படம் பார்த்துத் தாங்களே கதை சொல்வதிலும் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட முன்னே நின்றார்கள்.

அவனுக்குப் புரிய வேண்டாமா என்று நீங்கள் கேட்பது நியாயம். ‘குட்டி யானை ஆற்றங்கரைக்குச் சென்றது. “அம்மா, எனக்குத் தாகமாக இருக்கிறது” என்றது’ என்று ஒரு பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் அதை ஓர் எழுத்தும் மாற்றாமல், நிறுத்தி, குட்டி யானையின் குரலில் வாசியுங்கள். பிறகு படத்தைக் காட்டி, “குட்டிக்குத் தண்ணி தவிக்குதாம் கண்ணு, பாரு, தும்பிக்கைய எங்க நீட்டுது?” என்று உங்கள் வழக்கமான பேச்சில் பேசுங்கள். அவன் பதில் சொல்லட்டும். பக்கத்தைத் திருப்பியதும் மீண்டும் அச்சில் உள்ள தமிழுக்கு வந்துவிடுங்கள். வாசிப்பது புத்தகத் தமிழ், வாசித்ததைப் பற்றிப் பேசுவது வீட்டுத் தமிழ் என்ற இந்த முறை சில நாட்களிலேயே அவனுக்குப் பழகிவிடும். ‘ஏன் இப்படிப் பேசற’ என்று மறுபடி கேட்டால், “நான் பேசல கண்ணு, புத்தகத்துல இப்படி எழுதியிருக்கு” என்று அந்த வரியின் கீழே விரலை ஓட்டிக் காட்டுங்கள். இந்தக் கறுப்புக் கோடுகளுக்குள் சொற்கள் இருக்கின்றன என்பதை அந்த விரல் சொல்லிவிடும். ஆனால் அந்த நேரத்தில் எழுத்துப் பாடம் நடத்த வேண்டாம். ‘கொக்கு’ என்பதில் கொம்பு முன்னால் நிற்க, ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. இப்படிப்பட்ட நுட்பங்களைப் பள்ளியில் நிதானமாகக் கற்றுக்கொள்வான்.

சில கதைகளில் பாத்திரங்களின் உரையாடல் மட்டும் பேச்சுத் தமிழில் அச்சாகியிருக்கும். அதையும் உள்ளபடியே வாசியுங்கள்.

ஒரே புத்தகத்தைக் கேட்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். முதல் நாள் கதையைப் பிடித்தவன், ஐந்தாம் நாள் சொற்களைப் பிடிக்கிறான். வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நீங்கள் நிறுத்திப் பாருங்கள். ‘சென்றது’ என்று அவனே முடிப்பான். எழுந்து ஓடினால் இழுத்துப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். நான்கு வயதுக்கு ஐந்து நிமிடமும் போதும்.

புத்தகங்களுக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா போன்ற பதிப்பகங்கள் நல்ல படக்கதைகளைத் தமிழில் கொண்டுவந்துள்ளன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றி வாசிக்கலாம். இருந்தாலும் செல்பேசித் திரையைவிட, குழந்தை தானே பக்கத்தைத் திருப்பக்கூடிய தாள் புத்தகத்தையே நான் விரும்புவேன்.

உங்கள் மாமியார் நிறையவே செய்யலாம். இரவில் நீங்கள் வாசிக்கும் அதே புத்தகத்தைப் பகலில் அவர் கையில் கொடுங்கள். படங்களைப் பார்த்து அவர் தம் பேச்சில், தமக்குத் தோன்றியபடி கதை சொல்லட்டும். படிக்கத் தெரியாது என்பதற்காக அவரைப் புத்தகத்திலிருந்து விலக்கி வைப்பது பெரிய இழப்பு; அவரிடம் இருக்கும் பழமொழியும் விடுகதையும் எந்தப் படக்கதையிலும் அச்சாகாதவை. பகலில் அப்பத்தா சொன்ன ‘ஆத்தங்கரை’யை இரவில் நீங்கள் ‘ஆற்றங்கரை’ என்று வாசிக்கும்போது, “அப்பத்தா அப்படிச் சொல்லலையே” என்று அவன் உங்களைத் திருத்தலாம். திருத்தினால், இரண்டையும் ஒருமுறை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.