தென்மேற்கு இங்கிலாந்தில் இருக்கும் டார்ட்மூர் தேசியப் பூங்காவில் மரமும் இல்லை, மிருகமும் இல்லை என்கிறார்களே, அப்புறம் பார்க்க என்னதான் இருக்கிறது?

கேட்டவர் வரும் மே மாதம் எக்ஸிட்டரில் மகள் வீட்டுக்கு வருகிறாராம். டார்ட்மூர் போகலாமா என்று கேட்டதற்கு மருமகன், "அங்கே வெறும் புல்லும் ஈரமும்தான் மாமா, ஒரு நாள் வீண்" என்று சொல்லிவிட்டாராம்.

உங்கள் மருமகனைக் குறை சொல்ல மாட்டேன். பூங்காவுக்குப் பக்கத்து நகரமான பிளிமத்துக்கு வேலைக்கு வந்த முதல் வருடம் நானும் இதையேதான் சொன்னேன். தேசியப் பூங்கா என்றதும் என் மனதில் இருந்தது முதுமலை. நுழைவுச் சீட்டு, வனத்துறை வண்டி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு யானை. இங்கே காரில் அரை மணி நேரம் போயும் கேட் எதுவும் வரவில்லை. சாலைக்குக் குறுக்கே பதித்திருந்த இரும்புக் கம்பிகள் மேல் டயர் கடகடவென்று ஓடியது. ஆடுமாடு தாண்டிப் போகாமல் இருக்கப் போட்டது அது. அதற்கு அந்தப் பக்கம் நடுரோட்டில் ஒரு மட்டக்குதிரை குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான், பூங்காவுக்குள் வந்துவிட்டோம்.

1951-ல் பூங்காவாக அறிவித்த இந்த 954 சதுர கிலோமீட்டருக்குள் இன்றைக்கும் சுமார் 34,000 பேர் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், மதுக்கடை, மாதா கோவில், ஒரு பெரிய சிறைச்சாலை எல்லாம் உள்ளேயே உண்டு. நிலமும் பெரும்பாலும் அரசு நிலம் இல்லை. நடுவில் இருக்கும் பெரும்பகுதி பட்டத்து இளவரசருக்கு வருமானம் தரும் கார்ன்வால் டச்சி என்ற எஸ்டேட்டின் சொத்து. மற்றது பெரும்பாலும் தனியார் நிலம்.

சரி, மூர் என்றால் என்ன? மேட்டு நிலம், அமிலம் மிகுந்து புளித்த மண், ஓயாத மழை. அதில் வளர்வது புல்லும் குட்டைப் புதர்களும்தான். ஊட்டிக்கு மேலே முக்குருத்திப் பக்கம் போயிருந்தால் அந்தப் புல்மேட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஓரளவு பொருந்தும். இன்னொரு உறவும் இருக்கிறது. டார்ட்மூரில் மே மாதம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் கோர்ஸ் என்ற முட்புதரை வெள்ளைக்காரர்கள்தான் நீலகிரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது புல்வெளியைத் தின்னும் களை. இங்கே சொந்த மண்ணில் பறவைக்குக் கூடு, குதிரைக்குக் குளிர்காலத் தீனி. வெயில் ஏறியதும் அந்தப் பூவை முகர்ந்து பாருங்கள், அச்சு அசல் தேங்காய் வாசனை. முதல் தடவை என் மனைவி காரில் எண்ணெய் பாட்டில் கொட்டிவிட்டதோ என்று டிக்கியைத் திறந்து பார்த்தாள்.

நிலத்தின் அடியில் இருப்பது கருங்கல். சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிக் குளிர்ந்த கிரானைட். மேலே மூடியிருந்த மண்ணும் பாறையும் கரைந்து போக, விரிசல் விட்ட கல் வெளியே தலைகாட்டியது. பனியுகத்தில் தண்ணீர் விரிசலுக்குள் உறைந்து உறைந்து அதைப் பிளந்தது. மிச்சம் நிற்பதுதான் 'டோர்'. குன்றின் உச்சியில் யாரோ ஒரு ராட்சதன் இட்லியை அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். செஞ்சிக் கோட்டைப் பக்கம் பாறைக் குவியல்களைப் பார்த்தவருக்கு இது புதிதில்லை. இப்படி நூற்றைம்பதுக்கு மேல் உண்டு. ஆனால் மிக உயரமான ஹை வில்ஹேஸ் 621 மீட்டர்தான். மலை என்று சொன்னால் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

உயரம் குறைவு என்று அலட்சியமாகப் போகக் கூடாது. மேட்டின் நடுவில் இருக்கும் பிரின்ஸ்டவுன் என்ற ஊரில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை. அந்தத் தண்ணீர் கல்லுக்குள் இறங்க முடியாமல் மேலேயே நிற்பதால் செத்த பாசியும் புல்லும் மக்காமல் ஆயிரக்கணக்கான வருடம் படிந்து கரிய பீட் மண்ணாகிவிட்டன. சில இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டும். நனைந்த பஞ்சு மாதிரி அது தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது. டார்ட், டீன், டேவி, பிளிம் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. பளபளவென்று வெளிர்ப்பச்சையாக, கிரிக்கெட் ஆடலாம் போலத் தெரியும் இடம்தான் மோசமான சேறு. உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'இறகு மெத்தை'. கால் வைத்தால் சுற்றிலும் பத்தடி நிலம் தளதளவென்று ஆடும்.

அந்த மெத்தையில் நான் முழங்கால் வரை போயிருக்கிறேன். பிரின்ஸ்டவுனில் காரை விட்டுவிட்டு நன்ஸ் கிராஸ் வரை நடந்தோம். வானம் சுத்தமாக இருந்தது. திரும்பலாம் என்று எழுந்தபோது பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. கையில் இருந்த போனில் சிக்னல் இல்லை. ஃபாக்ஸ் டோர் சதுப்பின் ஓரத்தில் என் இடது பூட்ஸை இழுத்து எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. அப்போது தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. டெவன்போர்ட் கப்பல் துறைக்குக் குடிநீர் கொண்டுபோக 1790-களில் வெட்டிய வாய்க்கால் அது. நான் கும்பகோணத்துப் பக்கத்துக்காரன். வாய்க்கால் கரையைப் பிடித்துப் போனால் ஏதாவது ஒரு ஊர் வரும் என்பது எங்களுக்குப் பிறப்பிலேயே தெரியும். கரையோடு நடந்தோம். நடுவில் ஓரிடத்தில் அது குன்றைக் குடைந்து சுரங்கத்துக்குள் போய்விட்டது. வயிறு கலங்கியது. மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியதும் மறுபடி கிடைத்தது. காரை விட்டது பிரின்ஸ்டவுனில், வந்து சேர்ந்தது பர்ரேட்டர் நீர்த்தேக்கத்தில். டாக்ஸிக்குக் கொடுத்த காசைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு வரும்.

இப்படி வழி தவறினால் பழைய ஆட்கள் 'பிக்ஸி' என்ற குட்டிப் பூதங்கள் மேல் பழி போடுவார்கள். நம் ஊரில் சதுப்பில் தெரியும் வெளிச்சத்துக்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர் வைத்தோம் இல்லையா, அது மாதிரி. ஆனால் பிக்ஸி கொஞ்சம் குறும்புக்கார ஜாதி. மேல்சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டால் விட்டுவிடுமாம்.

இனி மரம். இது ஆதியில் மொட்டை நிலமாக இருந்ததில்லை. பனியுகம் முடிந்த பிறகு மேட்டின் பெரும்பகுதி காடாகத்தான் இருந்தது. வேட்டையாடிகள் தீ வைத்தார்கள், அப்புறம் வெண்கலக் கால விவசாயிகள் வெட்டி, மாடு ஆடு விட்டு மேய்த்தார்கள். மண் சத்திழந்தது, தட்பவெப்பம் ஈரமானது, பீட் பரவியது. ஆக, 'மனிதக் கை படாத இயற்கை' என்று சுற்றுலாக்காரர்கள் மெய்மறக்கும் இந்த வெட்டவெளி, மனிதக் கை ஓயாமல் பட்டதால் வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்த இடம் பிடிக்க ஆரம்பித்தது.

பார்க்கத் தெரிந்தால் அந்தக் கை எங்கும் தெரியும். கற்களை வட்டமாக அடுக்கிய வீட்டு அடித்தளங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கிரிம்ஸ்பவுண்டில் மதில் வளையத்துக்குள் 24 வீடுகள், வாசல் எது என்று கூடத் தெரியும். கிலோமீட்டர் கணக்கில் நேர்கோடாகப் போகும் தாழ்ந்த கல்வரப்புகளுக்கு 'ரீவ்' என்று பெயர். சுமார் 3,500 வருடத்துக்கு முன் போட்ட காணி எல்லை. மாலை வெயில் சாயும்போது குன்றின் மேல் நின்று பார்த்தால் அந்தப் பட்டா பாகம் முழுவதும் நிழலாக எழுந்து வரும். மெரிவேலில் கல்வரிசைகள். எர்ம் ஆற்றின் மேல்பகுதியில் ஒரே வரிசை 3 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. எதற்கு நட்டார்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

என்னை அசைத்தது வைட்ஹார்ஸ் ஹில் புதைகுழி. பீட் அரித்து வெளியே தெரிந்த ஒரு கற்பதுக்கையை 2011-ல் பிரித்தார்கள். நம் பக்கத்துக் கற்பதுக்கைகளைப் போலவே பலகைக்கல்லில் செய்த பெட்டிதான். இந்த மண்ணின் புளிப்பில் சாதாரணமாக எதுவும் மிஞ்சாது, ஆனால் பீட் காற்றை விடாமல் காப்பாற்றிவிட்டது. எரித்த எலும்புகளைக் கரடித்தோலில் சுற்றிவைத்திருந்தார்கள். இறந்தவருக்கு 15-லிருந்து 25-க்குள் வயது. கூடவே பின்னிய கூடை, 200-க்கும் மேற்பட்ட மணிகள், மாட்டு முடியில் பின்னி வெள்ளீயக் குமிழ் பதித்த கைவளை, காதுக்கு மரத்தோடு. சுமார் 3,700 வருடம் பழையது. யாரோ ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை. கரடி இங்கிலாந்தில் அழிந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயிற்று.

வெள்ளீயம் என்றேன் அல்லவா, அதுதான் இந்த ஊரின் அடுத்த கதை. ஆற்றுப் படுகைகளைக் கிளறி வெள்ளீயம் எடுத்தவர்களுக்கு இடைக்காலத்தில் தனிச் சட்டம், தனி நீதிமன்றம், கிராக்கெர்ன் டோரில் வெட்டவெளியில் கூடும் தனிப் பாராளுமன்றம் எல்லாம் இருந்தன. லிட்ஃபோர்டில் தனிச் சிறை. 'லிட்ஃபோர்ட் நீதி' என்றால் காலையில் தூக்கு, மத்தியானம் விசாரணை என்று ஊரே கேலி பேசியது.

அந்தப் பெரிய சிறைக்கு வருகிறேன். பிரின்ஸ்டவுனில் 1809-ல் திறந்தது, நெப்போலியன் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களுக்காக. பிறகு அமெரிக்கக் கைதிகள், 1850-லிருந்து குற்றவாளிகள். கருங்கல்லில் இருக்கும் யுரேனியம் சிதைந்து ரேடான் வாயு கசிகிறது என்று 2024-ல் எல்லோரையும் வேறு சிறைகளுக்கு மாற்றிவிட்டார்கள். எத்தனையோ பேரை உள்ளே வைத்த கல், கடைசியில் தானே காலி பண்ண வைத்தது.

அதே கல் லண்டனுக்கும் போனது. ஹே டோரில் 1820-ல் போட்ட டிராம் பாதைக்குத் தண்டவாளமே கருங்கல்தான். குதிரைகள் இழுத்த வண்டி அது. 1831-ல் திறந்த லண்டன் பாலத்துக்குக் கல் இந்த வழியாகப் போனது. அந்தப் பாலத்தை அப்புறம் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்கள், இப்போது அரிசோனாவில் நிற்கிறது. சக்கரம் ஓடிய பள்ளத்தோடு தண்டவாளக் கற்கள் புல்லுக்குள் அப்படியே கிடக்கின்றன. குழந்தைகள் அதன் மேல் ரயில் விட்டு விளையாடுவார்கள்.

மிருகம் விஷயம். புலி, சிறுத்தை தேடினால் மருமகன் சொன்னதுதான் சரி. மட்டக்குதிரைகள்கூடக் காட்டுக் குதிரை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் மேட்டிலிருந்து ஓட்டி வந்து அடையாளம் பார்த்துப் பிரிப்பார்கள், அதற்கு 'டிரிஃப்ட்' என்று பெயர். தயவுசெய்து தீனி போடாதீர்கள், அபராதமும் உண்டு, பழகிவிட்டால் ரோட்டுக்கு வந்து அடிபடவும் செய்யும். கீழே பார்த்து நடந்தால் பூச்சி தின்னும் சண்டியூ செடி, வெயில் காயும் விரியன் பாம்பு, பெரணிச் செடி மண்டிய சரிவுகளில் அபூர்வமான ஃபிரிட்டிலரி பட்டாம்பூச்சிகள். மே மாதம் குக்கூ கூவும். நம் குயில் காக்கையை ஏமாற்றுகிற மாதிரி, இது மீடோ பிப்பிட் என்ற சின்னப் புல்வெளிப் பறவையின் கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். பெரிய குக்கூக்கள் ஜூன், ஜூலையிலேயே கிளம்பி காங்கோ காட்டுக்குப் பறந்துவிடும். மிதமிஞ்சிய பிள்ளையை எலும்பும் தோலுமான பிப்பிட் ஊட்டி வளர்க்கும்.

மரம் வேண்டுமென்றால் விஸ்ட்மன்ஸ் வுட் இருக்கிறது. ஆடுமாடு ஏற முடியாத பாறைக் குவியலுக்குள் தப்பிப் பிழைத்த ஓக் மரங்கள். காற்றுக்கு வளைந்து முறுக்கிக்கொண்டு, கிளை முழுவதும் பாசி தொங்க நிற்கும். கூட்டம் மிதித்துப் பாசி கெடுவதால் உள்ளே நுழையாமல் ஓரமாக நின்று பார்க்கச் சொல்கிறார்கள். அதைக் கேளுங்கள்.

இப்போதைய சண்டை மேய்ச்சல் பற்றியது. நிலம் ஒருவர் பெயரில் இருக்கும், மேய்க்கும் உரிமை சுற்று ஊர்ப் பண்ணைகளுக்கு. நம் மேய்ச்சல் புறம்போக்கு போலத் தோன்றினாலும் இது எழுதிப் பதிந்த உரிமை. செம்மறி அதிகமாகி ஹெதர் செடி அழிகிறது, குறையுங்கள் என்று அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் நெருக்கியது. குறைத்தால் மொலினியா என்ற முரட்டுப் புல் மூடிவிடும் என்றார்கள் விவசாயிகள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. வாயில்லாத ஜீவன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புல்லைத் தின்னும், எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது. இன்னொரு வழக்கு கூடாரம் போடுவது பற்றி. ஒரு நிலச் சொந்தக்காரர் தன் அனுமதி வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போக, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. இங்கிலாந்தில் இப்படி அனுமதி கேட்காமல் தங்கும் உரிமை உள்ள இடம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

உங்கள் ஒரு நாளுக்கு: காலையில் ஹே டோர், அங்கிருந்து தெளிவான நாளில் கடல் தெரியும். கல் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு ஹவுண்ட் டோர் அடிவாரத்தில் கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமம். மத்தியானம் போஸ்ட்பிரிட்ஜில் பலகைக்கல் பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளிசாதம். சாயங்காலம் மெரிவேல். வடக்கே ஓக்ஹாம்ப்டன் பக்கம் போவதானால் ராணுவம் சுடும் நாட்களை முதலில் பாருங்கள், சிவப்புக் கொடி பறந்தால் தாண்டக் கூடாது. மழைக்கோட்டும் மாற்று சாக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். மருமகன் வரமாட்டேன் என்றால் வீட்டில் இருக்கட்டும், சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.